பக்ஸ்டன் ஊற்றும் நம் ஊர்க் குளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பக்ஸ்டன் என்ற இங்கிலாந்து ஊற்று நகரத்தையும் சுற்றுக் கிராமங்களையும் பற்றிய நினைவுக் கட்டுரை வந்திருந்தது. பனி, தேவாலய மணி, திருவிழாக் கூட்டம் என்று படிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊற்றுகளை அலங்கரிக்கும் பூப்பலகையை எப்படிச் செய்கிறார்கள் என்ற இடம் வரும்போதெல்லாம் கட்டுரை நழுவிக்கொண்டு போய்விடுகிறது. மூன்று இடத்தில் தவறும் இருக்கிறது. கும்பகோணத்திலும் சுற்று ஊர்களிலும் குளம், படித்துறை, மதகு வேலை தெரிந்த சிலரும், பக்ஸ்டனில் பல ஆண்டு இருந்து திரும்பிய ஒருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பகுதியை வெட்டுங்கள். களிமண் பற்றிய பகுதியில் கை வைக்காதீர்கள்.

முதல் தவறு சூடு. "கொதிக்கும் ஊற்று" என்று போட்டிருக்கிறீர்கள். பக்ஸ்டன் ஊற்று நீர் வெளியே வரும்போது 27.5 டிகிரி செல்சியஸ்தான். வைகாசி மதியம் நம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் இதைவிடச் சூடாக வரும். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 அடி உயரத்தில் இருக்கிறது. வெளியே குளிர் நடுக்கும்போது அந்தத் தண்ணீரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவே. மார்கழி விடிகாலையில் கிணற்றுத் தண்ணீர் சுடுவதுபோலத் தெரிவதும் இதே கணக்கு. உண்மையில் சூடான ஊற்று இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருக்கிறது: 46 டிகிரி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 11.7 லட்சம் லிட்டர். இந்த இரண்டு ஊர்களுக்கும் ரோமானியர் 'அக்வே' (நீர்) என்ற அடைமொழி கொடுத்தார்கள். பக்ஸ்டன் அவர்களுக்கு அக்வே ஆர்னமேட்டியே. பாத், அக்வே சூலிஸ்.

இரண்டாவது, பக்ஸ்டன் நீரில் கந்தக வாடை என்று எழுதியிருப்பது. அது ஹாரகேட் என்ற வேறோர் இங்கிலாந்து ஊற்று நகரத்தின் குணம். பக்ஸ்டன் நீருக்கு வாடை கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக்கல் மலைக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. இன்று கேனில் பிடிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 5000 ஆண்டுக்கு முன் பெய்த மழை என்பது கணிப்பு. ஐந்தாம் டெவன்ஷர் பிரபுவுக்காக ஜான் கார் என்ற கட்டடக் கலைஞர் 1780-க்கும் 1789-க்கும் இடையில் கட்டிய பிறைவடிவ மாளிகைக்கு எதிரே புனித ஆன் ஊற்று இருக்கிறது. ஒரு சிங்க வாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் விழுகிறது. காசு வாங்குவதில்லை. உள்ளூர்க்காரர்கள் பிளாஸ்டிக் கேன்களோடு வந்து பிடித்துப் போகிறார்கள். குடத்துக்குப் பதில் கேன், மற்றபடி காட்சி நமக்குப் பழகியதுதான்.

வெதுவெதுப்பான தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாத் நகரக் குளியல் 1978-இல் மூடப்பட்டது. அந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனாள். பிறகு 1980-களில் புதிதாகத் துளையிட்டு ஆழத்திலிருந்து சுத்தமான நீரை எடுத்தார்கள். பொதுமக்கள் மறுபடி குளிக்க 2006 ஆயிற்று. இந்த அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. சூடான, தேங்கிய, அடியில் சேறு கலங்கிய தண்ணீர் அதற்குப் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் முழங்கால் ஆழத்துக்கு வற்றிய குளத்தில் தலைகுப்புறக் குதிக்கும் பிள்ளைகளைத் தடுக்க இந்த ஒரு காரணம் போதும்.

மூன்றாவது தவறுதான் எங்களை எழுத வைத்தது. ஊற்றுகளுக்குப் பூ அலங்காரம் செய்யும் வழக்கத்தைச் சொல்லி, "பூவிதழ்களைப் பலகையில் பசை போட்டு ஒட்டுகிறார்கள்" என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். பசை கிடையாது. முழுக்க முழுக்கக் களிமண்.

டார்பிஷர் மாவட்டக் கிராமங்களின் வழக்கம் இது. டிசிங்டன் என்ற சிற்றூரில் ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் 40-ஆம் நாள், இயேசு விண்ணேறிய வியாழக்கிழமையன்று செய்கிறார்கள். யூல்கிரேவ், டைட்ஸ்வெல், வோர்ம்ஹில் என்று ஊருக்கு ஒரு தேதி. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை எங்காவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். பக்ஸ்டனில் ஜூலையில். பக்ஸ்டனுக்கு இது 1840-இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஆறாம் டெவன்ஷர் பிரபு மேட்டுப் பகுதிச் சந்தைத் திடலுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கு நன்றியாகத் தொடங்கியது. குழாய் வந்ததற்கு நன்றி சொன்ன விழா இன்னும் நடக்கிறது என்பதை, தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் படித்துப் பாருங்கள்.

செய்முறைக்கு வருவோம். கனத்த மரப்பலகைச் சட்டத்தில் நூற்றுக்கணக்கான ஆணிகளைப் பாதி மட்டும் அடித்து, தலை வெளியே நிற்கும்படி விடுகிறார்கள். களி பிடித்து நிற்பதற்கு அதுதான் கொக்கி. பிறகு பலகையைக் குளத்திலோ ஆற்றிலோ பல நாள் ஊறப் போடுகிறார்கள். காய்ந்த மரம் களியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; களி சுருங்கி, வெடித்து, மூன்றாம் நாளே பாளம் பாளமாக உதிரும். பாதி வேலை இந்த ஊறலில் இருக்கிறது. களியைக் கல், வேர் பொறுக்கி, தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதம் தளர்ந்துபோனால் பலகையை நிமிர்த்தியதும் சரிந்து வழியும். இறுகிப்போனால் இதழ் ஒட்டாது. விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்கு அப்பி, மேலே நீவிவிடுகிறார்கள்.

படத்தை முழு அளவில் தாளில் வரைந்து களிமேல் விரித்து, கோட்டின் வழியே ஊசியால் குத்திக்கொண்டே போனால் களியில் புள்ளி விழும். நம் ஊர்ச் சுவர்ச் சித்திரக்காரர்கள் தாளில் துளையிட்டுக் கரித்தூள் தட்டுவது போலத்தான். அந்தப் புள்ளிகளின் மேல் ஆல்டர் மரத்தின் சிறு கறுப்புக் காய்களையோ காப்பிக்கொட்டையையோ ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்துக் கோடு கட்டுகிறார்கள். (டிகிரி காப்பி ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் மனவருத்தம் தரலாம்.) கோட்டுக்குள் முதலில் பாசி, இலை, மரப்பட்டை, விதை. இவை வாடாது. இதழ் கடைசியில்தான், ஏனென்றால் இதழுக்கு ஆயுள் குறைவு. ஹைட்ரேஞ்சியா இதழ் கொஞ்சம் நாள்படும் என்பதால் அதற்குக் கிராக்கி.

இதழ் வைக்கும் முறையைக் கவனியுங்கள். படத்தின் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போகிறார்கள். மேல் இதழின் நுனி கீழ் இதழின் தலையை மூடும். மழை பெய்தால் நீர் இதழ்மேல் வழிந்து போய்விடும், அடியில் புகுந்து களியைக் கரைக்காது. நாம் நாட்டு ஓடு வேய்வதும் கீற்று வேய்வதும் தாழ்வாரத்திலிருந்து முகட்டுக்குத்தானே? அதே அறிவு, ஓர் அங்குல இதழில். மேலிருந்து கீழாக வைத்த பலகை முதல் மழைக்கே வாய் பிளந்துவிடும். சரியாகச் செய்தது ஒரு வாரம் நிற்கும். அதற்குமேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. களியை வழித்தெடுத்துப் பலகையை அடுத்த ஆண்டுக்குப் பத்திரப்படுத்திவிடுகிறார்கள்.

இந்தக் களிதான் நம் குளத்துக்கும் வழி. பக்ஸ்டனுக்குக் கிழக்கே வோர்ம்ஹில் கிராமத்தில் அலங்கரிக்கப்படும் ஊற்று, ஜேம்ஸ் பிரிண்ட்லியின் நினைவாக அமைந்தது. பக்கத்திலுள்ள டன்ஸ்டெட்டில் 1716-இல் பிறந்தவர். 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் பொறியாளர். கால்வாயின் அடியில் தண்ணீர் கசியாமல் இருக்க அவர் நம்பியது மிதித்த களிமண். களியையும் கொஞ்சம் மணலையும் தண்ணீர் விட்டுக் கொத்தி, மிதித்து, அடுக்கடுக்காகப் போட்டு, காயவிடாமல் உடனே நீர் தேக்க வேண்டும். மிதிக்கும்போது மண்ணிலுள்ள பொடிப்பொடித் துளைகள் உடைந்து, நுண்துகள் நீருக்கு வழியில்லாமல் படிந்துவிடுகிறது. நமக்கு இது புதிதில்லை. நடவு வயலில் சேற்றுழவு உழுது பரம்படிப்பதும் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான்.

வயலில் தெரிந்ததைக் குளத்தில் ஏன் மறந்தோம் என்பதுதான் எங்கள் ஆதங்கம். டெல்டா மண் ஆறு போட்ட மண். ஓர் அடுக்கு களி, ஓர் அடுக்கு மணல் என்று மாறி மாறி வரும். பழைய குளங்கள் களி அடுக்கின்மேல் நிற்கின்றன. தூர் வாரும்போது மேலே இருக்கும் கறுத்த, கொழகொழத்த வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். பொக்லைன் ஓட்டுபவருக்குக் கன மீட்டர் கணக்கில் கூலி; ஆழம் போகப் போக அவருக்கு லாபம். களியைக் குத்தி மணலைத் தொட்டதும் குளம் சல்லடை. அந்த ஆண்டு "குளத்தை ஆழப்படுத்தினோம்" என்று படம் வரும், அடுத்த பங்குனியில் அதே குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

இயந்திரம் இறங்குமுன் நான்கு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையால் ஒன்றரை, இரண்டு அடிக் குழி போட்டுப் பார்த்தால் போதும். வண்டல் முடிந்து நிறம் மாறும் இடத்தை அளந்து, மூங்கில் குச்சியில் வெட்டுக்குறி போட்டு ஊன்றிவிட வேண்டும். அதற்குக் கீழே பல் படக் கூடாது. அடி மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் பென்சில் கனத்துக்கு உருட்டினால் உடையாமல் நீள வேண்டும். உடைந்தால் அதில் மணல் கலந்திருக்கிறது. ஏற்கெனவே குத்திவிட்ட குளமானால், டிராக்டரில் களியைக் கொண்டுவந்து கொட்டி நிரவிவிட்டுப் போவதில் பயன் இல்லை. கட்டிக்கும் கட்டிக்கும் இடையில் சந்து இருக்கும், நீர் அதில் ஓடும். அரை அடி அடுக்காகப் போட்டு, நனைத்து, மாடு விட்டு மிதிக்க வைத்து, அது ஈரமாக இருக்கும்போதே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். வேலை முடிந்து வெயிலில் பத்து நாள் போட்டால் பாளம் வெடிக்கும். தண்ணீர் வரும் தேதியைப் பார்த்து வேலையைத் தொடங்குவது உத்தமம். அடியில் சிமென்ட் தளம் போடுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். சுற்றுத் தெருக்களின் கிணறுகளை அது வறளடிக்கும்.

படித்துறைச் சுண்ணாம்புக்கும் பக்ஸ்டனில் உறவு உண்டு. கட்டுரையில் வந்த 'பசுமைக் குன்று' கிரின் லோ. அந்தப் பசுமைக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் காளவாய்ச் சாம்பல். சூளைத் தொழிலாளர் குடும்பங்கள் இறுகிப்போன அந்தச் சாம்பல் மேடுகளைக் குடைந்து வீடாக்கிக் குடியிருந்தன. ஊற்றுக்கு வரும் சீமான்களின் கண்ணில் மேடு படாமலிருக்க 1820 வாக்கில் மரம் நட்டார்கள். நினைவுக் கட்டுரைகளில் மரம் வருகிறது, சாம்பல் வருவதில்லை. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைப்பது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். டெல்டாவில் மலை கிடையாது, கல்லும் கிடையாது. நமக்குக் கடற்கரைக் கிளிஞ்சல்தான் சுண்ணாம்பு.

படித்துறைக்கு வெறும் சுண்ணாம்பும் மணலும் போதாது. தண்ணீருக்கு அடியில் இறுக வேண்டுமானால் நன்றாகச் சுட்ட செங்கல் தூள் சேர வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, தூளும் மணலுமாக இரண்டு முதல் மூன்று பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைவை. சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டி ஒன்று உள்ளே போனால், ஆறு மாதம் கழித்து ஈரம் பட்டு உப்பி, பூச்சைத் தள்ளிவிடும். அவசரத்தில் மேலே சிமென்ட் பூசினால் உள் ஈரம் வெளியேற வழியின்றிப் பின்னால் தேங்குகிறது. சிமென்ட் கெட்டியாக நிற்கும், பழைய செங்கல் பொடிந்து விழும். கரைச்சுவர் சரிவதும் பெரும்பாலும் தண்ணீர் நிறைந்திருக்கும்போது நடப்பதில்லை. குளத்தை வேகமாக இறைத்த பிறகோ, அடைமழை பெய்து பின்மண் ஊறிய பிறகோதான் நடக்கும். சுவருக்குப் பின்னால் நிற்கும் நீரின் தள்ளலைத் தாங்க முன்னால் நீர் இல்லை. சுவரில் கசிவுத் துளை விட்டிருந்தால் தப்பும். பழைய சுவர்களில் துளை இருந்தது. மறுபூச்சில் அடைத்துவிட்டார்கள்.

இனி தண்ணீர் வரும் வழி. யூல்கிரேவ் கிராமம் 1829-இல் தனக்கென்று தண்ணீர் கொண்டுவந்து, ஊர் நடுவே உருண்டையான கல் தொட்டி கட்டியது. இன்றும் ஊருக்கான குடிநீரை ஊராரின் நிறுவனமே வழங்குகிறது. எந்த வால்வு எங்கே என்று அந்த ஊரில் ஆளுக்குத் தெரியும். நமக்கு அது குடிமராமத்து. சொல் இன்னும் திட்டப் பெயர்களில் இருக்கிறது. மதகைத் திறந்துவிட்ட ஊர் வெட்டியானுக்கும் பாசனத் துறை ஊழியரான லஸ்கருக்கும் தெரிந்த மட்டக்கணக்கு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

அந்தக் கணக்கு நூலிழைக் கணக்கு. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர். கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஆற்று வழியே இன்னும் அதிகம். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூடத் தேறாது. ஆற்று வாய்க்காலிலிருந்து 600 மீட்டர் தள்ளியுள்ள குளத்துக்கு இந்தச் சரிவில் கிடைக்கும் இறக்கம் ஓர் அடிக்கும் குறைவு. வழியில் ஒரு தெருப் பாலத்தைப் புதுப்பிக்கிறார்கள். குழாயின் அடிமட்டம் ஒரு செங்கல் கனம், அதாவது மூன்று அங்குலம் உயர்ந்துவிடுகிறது. இறக்கத்தில் கால்பங்குக்கு மேல் போயிற்று. இரண்டாவது பாலத்தில் இன்னொரு செங்கல். மூன்றாவது பாலத்துக்குப் பிறகு தண்ணீர் ஓட இறக்கமே அநேகமாக மிஞ்சாது. போதாக்குறைக்கு, மணல் அள்ளி ஆற்றின் தரை இறங்கிய இடங்களில் வாய்க்கால் தலைப்பு அந்தரத்தில் தொங்குகிறது. மழைநீர் வடிகாலையும் வீட்டுச் சாக்கடையையும் அதே வாய்க்காலில் விட்ட பிறகு, 'சாக்கடை குளத்துக்கு வருகிறது' என்று ஊராரே குளத்துக்குள் நீர் விழும் வாயை அடைத்துவிடுகிறார்கள். அடைத்ததில் தவறு சொல்ல முடியாது. சாக்கடையைத் தனியே பிரித்திருக்க வேண்டும்.

வழி அடைபட்ட பிறகு ஆழ்துளை மோட்டார். மகாமகக் குளம் சுமார் 6.2 ஏக்கர், அதாவது 25,000 சதுர மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டுமானால் 2.5 கோடி லிட்டர். வாய்க்காலில் வினாடிக்கு ஒரு கன அடி, அதாவது நாளுக்குச் சுமார் 24.5 லட்சம் லிட்டர் வந்தால், கசிவை விட்டுக் கணக்குப் போட்டாலும் பத்து நாள். நிமிடத்துக்கு 500 லிட்டர் தரும் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் 35 நாள். அதுவும் குளத்தோரத்துத் துளையாக இருந்தால், குளம் மண்ணுக்குள் விட்ட நீரையே எடுத்துக் குளத்தில் விடுகிறோம். மின்கட்டணம் மட்டும் மிச்சம்.

திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பார்கள். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். கோயிலையும் குளத்தையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது வரியில் ஓடைக்கும் அதே அளவு கொடுத்துச் சொன்ன ஊர் அது.

இந்தப் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. 'எங்கள் ஊர்க் குளம்' என்று வாசகர் நினைவுகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி விட்டது, காப்பரிசி தின்றது, சப்பரம் இழுத்தது எல்லாம் வரட்டும். அவற்றோடு இதையும் கேளுங்கள்: தண்ணீர் எந்த வாய்க்காலிலிருந்து வந்தது, குளத்துக்குள் எந்தப் பக்கம் விழுந்தது, எத்தனையாவது படி நனைந்ததும் மதகை இறக்கினார்கள், மிகை நீர் எந்தத் தெரு வழியாகப் போயிற்று, மதகுப் பலகையை யார் வீட்டில் வைத்திருந்தார்கள். படி எண்ணிக்கை பெரிய சாட்சி. "ஏழாம் படி" என்று இரண்டு பேர் தனித்தனியே சொன்னால், அந்தப் படியிலிருந்து மட்டக்கருவி வைத்து வாய்க்காலின் பழைய அடிமட்டத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் கேட்பது நல்லது.

அடுத்த மகாமகம் 2028 மாசியில். மண்டபங்களுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தம் தானாக வந்துவிடும். ஆனால் மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். மாசியில் ஆற்றில் நீர் இராது. அதற்கு முன்பே, தை பிறந்ததும் சம்பா அறுவடைக்காக வயலோர வாய்க்கால்களை அடைத்துவிடுவார்கள். ஆகவே ஆற்று வாய்க்காலை நம்பியுள்ள எந்தக் குளமானாலும் மார்கழிக்குள் நிறைய வேண்டும். பத்து நாள் நீர்வரத்து, கசிவுக்கு இன்னொரு ஐந்து நாள் என்று பின்னோக்கி எண்ணினால், 2027 டிசம்பர் கடைசியில் ஷட்டர் ஏறியிருக்க வேண்டும். பாலங்களின் அடிமட்டத்தைச் சரிசெய்ய வாய்க்கால் காய்ந்து கிடக்கும் கோடைதான் தோது. அந்தத் தேதிக்குமுன் கைக்குக் கிடைக்கும் கடைசிக் கோடை 2027-இல், பிப்ரவரியிலிருந்து ஜூன் 12-க்குள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்.